வலிக்காத இடத்தில் ஊசி வேண்டாம்!

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் ஊசி போடத் தெரியாத அம்மா கிடையாது, அப்பாவும் கிடையாது. அதனால் ஊசி எப்படிப் போடுவது என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஊசி போடும் இடத்துத் தோலையும் அதற்கடியில் இருக்கிற கொழுப்பையும் எப்படிக் காப்பாற்றி வைத்துக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம். தோல் கெட்டால் இன்சுலின் வேலை செய்யாது. இன்சுலின் வேலை செய்யாவிட்டால் யூனிட் ஏறும், ஸ்ட்ரிப் செலவு ஏறும், நம் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து ஏறும்!

1. ஊசி போடும் இடத்தில் இரண்டு விதமாகக் கோளாறு வரும். ஒன்று மெத்தென்றோ கெட்டியாகவோ தடித்துக்கொள்வது, இன்னொன்று கொழுப்பு கரைந்து குழி விழுவது. கொழுப்பைச் சேர்த்து வைப்பது இன்சுலினின் குணம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கேயே சேர்த்து வைத்துவிடும், அதுதான் தடிப்பு. குழி அப்படியல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த இன்சுலினோடு சண்டைக்கு நிற்பதால் வருவது. தடிப்பு ரொம்ப சகஜம், குழி இப்போது அபூர்வம்.

2. "அந்தக் காலத்துல சர்க்கரை ஊசி போட்டவங்களுக்குத் தொடையெல்லாம் பள்ளமா இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது உண்மைதான். மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் அவ்வளவு சுத்தமாக இல்லாத காலம் அது. சுத்திகரிப்பு மேம்பட்டு, 1982ல் மனித இன்சுலினும் விற்பனைக்கு வந்த பிறகு குழி வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசியே குத்திய இடத்தில் சீழ்க்கட்டி போல வீங்கிக்கொண்டதாம். பன்னிரண்டு நாள் கழித்து, நன்றாகச் சுத்தம் செய்த மருந்து வந்த பிறகுதான் அந்தப் பையனுக்குச் சுகம் தெரிந்தது.

3. தடிப்பைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட விரல்தான் கெட்டிக்காரத்தனம் உள்ளது. பிள்ளை குளிக்கும்போது சோப்பு நுரையோடு வயிறு, தொடை, புட்டம், கை எல்லாவற்றையும் விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தடவுங்கள். நுரையில் விரல் வழுக்கிக்கொண்டு போகும்போது சின்ன மேடுகூடத் தட்டுப்படும். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

4. குழியைப் பார்க்க டார்ச் போதும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தோலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பள்ளம் இருக்கிற இடத்தில் நிழல் விழும். நேர் வெளிச்சத்தில் இது கண்ணுக்குத் தப்பிவிடும்.

5. நிற்க வைத்து ஒரு முறை, படுக்க வைத்து ஒரு முறை பாருங்கள். சில தடிப்புகள் நின்றால்தான் தெரியும், சில படுத்தால்தான் கைக்கு அகப்படும்.

6. சந்தேகம் இருந்தால் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நல்ல தோல் மெல்லிய மடிப்பாக எழும்பும். தடித்த இடம் அப்படி எழும்பாது, விரல்கள் கிட்டே வராது.

7. "இங்கேயே போடும்மா, இங்கதான் வலிக்கல" என்று பிள்ளை ஒரு இடத்தைக் காட்டினால் உடனே உஷாராகிவிடுங்கள். தடித்த இடத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும், அதனால்தான் வலிப்பதில்லை. வலிக்கவில்லையென்று பிள்ளை அங்கேயே கேட்க, நாமும் அழாமல் போட்டுக்கொள்கிறானே என்று அங்கேயே போட, தடிப்பு இன்னும் பெரிதாகும். பாதி வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்பேன். பிள்ளை பிடித்து வைத்திருக்கும் 'ராசியான' இடத்தை முதலில் தடவிப் பாருங்கள்.

8. சாப்பாடு அதேதான், யூனிட் அதேதான், ஆனால் சுகர் ஒரு நாள் 300, மறுநாள் 60 என்று ஆடுகிறதா? பிள்ளை ஒளித்துச் சாக்லேட் சாப்பிட்டான் என்று திட்டுவதற்கு முன்னால் ஊசி போடும் இடத்தைப் பாருங்கள். தடிப்புக்குள் போன இன்சுலின் சரியாக ரத்தத்துக்குள் இறங்காது. சில நேரம் தாமதமாக, சில நேரம் கொஞ்சமாக, சில நேரம் நாம் எதிர்பார்க்காத நேரத்தில் இறங்கும். பாவம், பிள்ளை வாங்காத திட்டெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கும்!

9. டாக்டர் யூனிட்டை ஏற்றச் சொன்னால், "சார், இடத்தை ஒரு தடவை தடவிப் பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஒவ்வொரு முறை காட்டப் போகும்போதும் இதைப் பார்ப்பது நல்லது. கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் நாம்தான் நினைவுபடுத்த வேண்டும். அன்றைக்குச் சுலபமாக விலக்கிக் காட்டக்கூடிய உடையைப் போட்டு அழைத்துப் போனால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

10. தடிப்பு இருக்கிற இடத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு படம் எடுத்தால் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். ஊசி போடாமல் விட்டால் தடிப்பு தானாக வற்றும். ஆனால் அதற்கு மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும்.

11. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள். தடித்த இடத்தை விட்டுவிட்டு நல்ல தோலில் போடத் தொடங்கும்போது அதே யூனிட் திடீரென்று முழு வேகத்தில் வேலை செய்யும், சுகர் சட்டென்று இறங்கிவிடும். அதனால் இடம் மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, எத்தனை யூனிட் குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கூட்டிக் கழிக்க வேண்டாம். முதல் சில நாட்கள் அடிக்கடி சுகர் பாருங்கள், இரவிலும் ஒரு முறை எழுந்து பாருங்கள். குளுக்கோஸ் பொடி தலைமாட்டிலேயே இருக்கட்டும். அந்த நாட்களில் கூடுதலாகச் செலவாகும் ஸ்ட்ரிப்பை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

12. அப்படி இடம் மாற்றுவதைப் பள்ளி விடுமுறையில் தொடங்குங்கள். பரீட்சை வாரத்திலோ, ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும் அன்றோ வேண்டாம்.

13. வயிற்றை மனத்துக்குள் நான்கு கட்டமாகப் பிரித்துக்கொண்டு வாரம் ஒரு கட்டம் என்று போங்கள். கட்டத்துக்குள் பல்லாங்குழியில் சோழி போடுகிற மாதிரி, விட்ட இடத்துக்கு அடுத்த இடம், அதற்கு அடுத்தது என்று ஒரே திசையில் நகருங்கள். முதல் கட்டத்துக்குத் திரும்பி வரும்போது ஒரு மாதம் ஆகியிருக்கும், அந்தத் தோலும் ஓய்வெடுத்துத் தேறியிருக்கும். தொடையையும் புட்டத்தையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் போதும்.

14. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே உங்கள் ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு எதுவும் வேண்டாம்.

15. கண்ணளவு சரியாக வராதவர்களுக்கு ஒரு சின்ன வேலை. பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, விரல் அகல இடைவெளியில் பஞ்சிங் மெஷினால் வரிசையாக ஓட்டை போடுங்கள். ஓட்டைகளுக்குப் பக்கத்தில் அழியாத மார்க்கரால் எண் எழுதிவிடுங்கள். தொப்புளை அடையாளமாக வைத்து வயிற்றின் மேல் பிடித்தால் இன்றைக்கு எந்த இடம் என்று தெரிந்துவிடும். இடத்தைப் பார்த்ததும் அட்டையை எடுத்துவிட்டு ஊசி போடுங்கள். அவ்வப்போது சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். செலவு சுழியம்.

16. நேற்று எங்கே போட்டோம் என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்? சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரில் அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். 'வ' என்றால் வலது, 'இ' என்றால் இடது, பக்கத்தில் ஓட்டை எண். தாளைக் கிழித்துப் போடாமல் ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தால் டாக்டரிடம் காட்டவும் ஆகும்.

17. சின்னப் பிள்ளையாக இருந்தால் ஒரு நோட்டில் மனித உருவம் வரைந்து கொடுத்து, ஊசி போட்ட இடத்தில் வண்ணப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நிறம். அடுத்த ஊசிக்கு "அம்மா, இன்னைக்கு அந்தப் பக்கம்" என்று பிள்ளையே கணக்குச் சொல்லும்.

18. இடம் மாற்றுங்கள் என்றதும் காலையில் வயிறு, மறுநாள் காலை கை, அதற்கு மறுநாள் தொடை என்று தாவாதீர்கள். வயிற்றிலிருந்து இன்சுலின் வேகமாக ஏறும், தொடையிலிருந்தும் புட்டத்திலிருந்தும் நிதானமாக ஏறும். அதனால் இந்த வேளைக்கு இந்தப் பாகம் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பாகத்துக்குள்ளேயே புள்ளியை மாற்றுங்கள். எந்த வேளைக்கு எந்தப் பாகம் என்பதை டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

19. புட்டத்தை நாம் மறந்தே போகிறோம். ஒல்லிப் பிள்ளைக்கும் ஓரளவு கொழுப்பு இருக்கிற இடம் அது. பிள்ளை தானாகப் போட்டுக்கொள்ளாத வயது வரைக்கும் மேல் புட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

20. தானே ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே போட்டுக்கொள்வார்கள். வலது கைக்காரப் பையனின் தொடையில் எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று பார்த்தாலே கதை புரிந்துவிடும். வாரத்தில் ஓரிரு நாள் ஊசியை நீங்கள் வாங்கி, அவனுக்கு எட்டாத இடங்களில் போட்டுவிடுங்கள். பெரிய பிள்ளை என்று முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டாம்.

21. மேல் கையின் பின்பக்கம் பார்க்கச் சுலபமான இடம்தான். ஆனால் மெலிந்த பிள்ளைக்கு அங்கே கொழுப்பு குறைவு, ஊசி தசைக்குள் போய்விட வாய்ப்புண்டு. தசைக்குள் போனால் வலிக்கும், சுகரும் சட்டென்று இறங்கும்.

22. விளையாட்டு பீரியட், சைக்கிள், கபடி இருக்கிற நாளில் அதற்கு முந்தைய ஊசியைத் தொடையில் போடாதீர்கள். ஓடும் காலில் ரத்த ஓட்டம் கூடி இன்சுலினும் வேகமாக ஏறும். அன்றைக்கு வயிறோ புட்டமோ தோது.

23. பேனா ஊசி வாங்கும்போது 4 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். குண்டோ ஒல்லியோ, தோலின் கனம் எல்லோருக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான், அதனால் அந்த நீளமே தாராளம். நேராகக் குத்தினால் போதும். ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கும் மிக ஒல்லியான பிள்ளைக்கும் தோலைத் தூக்கிப் பிடித்துப் போடுங்கள். சிரிஞ்ச் ஊசி இதைவிட நீளமானது. அதற்குத் தோலைத் தூக்கிப் பிடிப்பதோடு கொஞ்சம் சாய்த்தும் குத்த வேண்டும்.

24. தூக்கிப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். ஐந்து விரலாலும் அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும்.

25. இப்போது சிக்கன விஷயம். ஒரே ஊசியை மாதம் முழுக்க வைத்துக் குத்துவது சிக்கனம் போலத் தெரியும், எனக்கும் அந்த ஆசை புரிகிறது. ஆனால் மறுபடி மறுபடி குத்திய முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும். தடிப்பு வருவதற்கு இதுவும் முக்கியமான காரணம். தடிப்பு வந்தால் கூடுதல் யூனிட், கூடுதல் ஸ்ட்ரிப், ஒரு முறை சுகர் கன்னாபின்னாவென்று ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்தச் செலவு வேறு! கணக்குப் போட்டுப் பார்த்தால் ஊசியில் பிடிக்கிற மிச்சம் எதற்கும் ஆகாது. ஒரு தடவைக்கு ஒரு ஊசி என்பதே சரி.

26. அது கட்டுப்படியாகாத வீடுகள் இருக்கின்றன, தெரியும். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஊசியும் கிடைக்குமா, வேறு உதவி உண்டா என்று அங்கேயே கேட்கலாம். அதுவரைக்கும் வேறு வழியில்லாமல் ஒரே ஊசியை மறுபடி போட நேர்ந்தால், அதை ஸ்பிரிட்டில் துடைக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு போவதற்காக மேலே பூசியிருக்கும் சிலிக்கான் பூச்சு போய்விடும், வலி கூடும். வலித்தாலோ வளைந்தாலோ தரையில் விழுந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒருவர் ஊசியையோ பேனாவையோ இன்னொருவர் தொடவே கூடாது. வீட்டில் தாத்தாவுக்கும் சர்க்கரை இருந்தால் இதில் கறாராக இருங்கள்.

27. பேனாவில் ஊசியை மாட்டியபடியே வைக்காதீர்கள். உள்ளே காற்று புகும், மருந்து கசியும். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டியதும் இரண்டு யூனிட் வெளியே விட்டு, சொட்டு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

28. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் சுருக்கென்று எரியும், பிள்ளை மறுபடி 'வலிக்காத இடம்' தேடிப் போகும். அரை மணி நேரம் முன்னாலேயே எடுத்து வெளியே வையுங்கள். திறந்து புழங்கிக்கொண்டிருக்கும் மருந்து சுமார் நான்கு வாரம் வரை வெளியே தாங்கும். ஆனால் நம் சித்திரை வெயிலை நம்ப வேண்டாம், 30 டிகிரிக்கு மேல் போகிற வீட்டில் ஃபிரிட்ஜோ மண்பானையோதான் சரி.

29. குளித்துச் சுத்தமாக இருக்கிற தோலுக்கு ஸ்பிரிட் அவசியமே இல்லை. பழக்கத்தை விட முடியவில்லையென்றால் ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு குத்துங்கள். எரிச்சலில் பாதி அந்த ஈர ஸ்பிரிட்டால்தான்.

30. பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். எண்ணும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் கவனமும் திரும்பும். எடுத்தவுடன் தோலின் மேல் சொட்டு நின்றால் அவசரப்பட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

31. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். தடிப்பைக் கரைக்கிறேன் என்று பாட்டி தைலம் போட்டு உருவிவிடுவதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். பாட்டியின் கைராசி இதற்கு எடுபடாது. தேய்த்தாலும் சூடு பட்டாலும் இன்சுலின் வேகமாக ஏறும். அதே காரணத்தால் எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் ஊற்றும் நாளில் ஊசி போட்ட கையோடு குளிக்க அனுப்பாதீர்கள்.

32. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சீருடைக்கு மேலேயே குத்துகிறவர்கள் உண்டு. எந்த இடத்தில் போகிறது என்பதே தெரியாது, பிறகு இடம் மாற்றிப் போடும் கணக்கெல்லாம் எதற்கு?

33. பால் போலக் கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து எடுங்கள். குலுக்க வேண்டாம், நுரைத்துவிடும். சரியாகக் கலக்காத மருந்தாலும் சுகர் ஆடும், பழியெல்லாம் தோல் மேல் விழும்.

34. சிரிஞ்ச் வாங்க வேறு யாரையாவது கடைக்கு அனுப்பினால் காலி அட்டையையும் கையில் கொடுத்தனுப்புங்கள். சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. மாறிப் போனால் அளவே மாறிவிடும்.

35. குழி விழுந்திருந்தால் அந்த இடத்தில் மறந்தும் போடாதீர்கள், கூடிய சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு வகை இன்சுலினுக்கு மாற்றிப் பார்ப்பார்கள், சிலருக்கு வேறு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். குழி விழுகிறதே என்று பயந்து இன்சுலினை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. டைப் 1 பிள்ளைக்கு ஓரிரு நாள் இன்சுலின் இல்லாவிட்டாலே உயிருக்கு ஆபத்து.

36. குத்திய இடம் சிவந்து, சுட்டு, வலித்துச் சீழ் பிடித்தால் அது தடிப்பும் இல்லை, குழியும் இல்லை, கிருமித் தொற்று. அன்றைக்கே காட்டுங்கள்.

37. பெண் பிள்ளைகள் வளர வளர, தொடையிலோ கையிலோ தெரிகிற மேடு பள்ளத்துக்குக் கூச்சப்படுவார்கள். நடன வகுப்பு, நீச்சல், அரைக்கை ரவிக்கை என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒதுங்குவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாமல், அந்த இடங்களுக்கு ஓய்வு கொடுத்து உடைக்குள் மறையும் இடங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

38. இன்சுலின் பம்ப் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை குழாயை மாற்றும்போது இடத்தையும் மாற்றுங்கள், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டாதீர்கள்.

39. தீர்ந்துபோன ஊசிகளைப் போட, துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டி பிளாஸ்டிக் டப்பா ரொம்ப வசதி. ஊசி வெளியே குத்தாது, மூடி இறுக்கமாக இருக்கும். மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள். முக்கால் வாசி நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, நீங்கள் காட்டும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் குப்பை வாங்க வருகிற தூய்மைப் பணியாளரிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.